வீட்டிலேயே ஆயில் மாத்தினதுக்காக வாரண்டியை மறுக்குறாங்க, உதவி தேவை

ஊர் மன்னார்குடி. 2024 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 22,000 கி.மீ. ஓடியிருக்கு. வாரண்டி 3 வருஷம்.

ஐப்பசி மழையில தஞ்சாவூர் சர்வீஸ் சென்டர்ல தேதி கிடைக்கல. கெடு தாண்டக் கூடாதுன்னு வீட்டிலேயே ஆயில் மாத்தினேன். மேனுவல் சொல்ற 0டபிள்யூ-20 ஆயில், ஒரிஜினல் ஃபில்டர், ட்ரெயின் பிளக்குக்கு (பழைய ஆயிலை வடிக்கத் திறக்குற அடி மூடி) புது வாஷர். பில், ஓடோமீட்டர் போட்டோ எல்லாம் இருக்கு.

தை மாசத்திலேர்ந்து கசிவு. காலையில போர்டிகோ தரையில புளியங்கொட்டை அளவுக்கு ஆயில் பொட்டு. அடியில துடைச்சு, அட்டை விரிச்சுப் பார்த்துட்டேன். ட்ரெயின் பிளக், ஃபில்டர் ரெண்டும் காய்ஞ்சுதான் கிடக்கு. ஈரம் பெல்ட் பக்கம், கிராங்க் சீல்ல (இன்ஜின் தண்டைச் சுத்தி ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் வளையம்). ஆயில் மாத்துறப்ப அங்க கையே போகாது.

சென்டர்ல "வெளியில மாத்தியிருக்கீங்க, வாரண்டி கிடையாது"ன்னு வாயாலதான் சொல்றாங்க, எழுதித் தர மாட்டேங்கறாங்க. கம்பெனிக்கு மெயில் போட்டா சென்டரையே பாருங்கன்னு பதில். நுகர்வோர் உதவி எண் 1915-லயும் பதிஞ்சாச்சு. அம்மாவை தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி இது, நடுவழியில நின்னுடுமோன்னு பயமா இருக்கு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதுக்கு முன்னாடி, கசிவுக்குக் காரணம் சீல்தான்னு டெல்டா பக்கம் யார்கிட்ட சோதிச்சு எழுத்துல வாங்கலாம்?