பொருள்: ஏரியோலுக்குத் தமிழ்ச்சொல் (வியாழனுக்குள்)

காட்பாடியிலிருந்து:

வணக்கம். இளநிலைத் தாவரவியல் தமிழ்வழி மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு வியாழக்கிழமை அச்சகம் போகிறது. சொனோரப் பாலைவனக் கள்ளிகளை அவை நிற்கும் இடத்திலேயே இனங்காண்பது எப்படி என்பது பாடம். அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் எடுத்த படங்களைக் காட்டிப் பெயர் கேட்போம். மற்றதெல்லாம் முடிந்தது, ஏரியோல் மட்டும் இழுக்கிறது. தண்டின்மேல் வரிசையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் சின்னச் சின்ன மேடு இருக்குமே, முள் கொத்தாகக் கிளம்புகிற இடம், அதுதான். கேக்டேசி குடும்பத்துக்கே அது முத்திரை. தற்சமயம் 'முள்மெத்தை' என்று போட்டிருக்கிறேன். குளோக்கிடுக்கு, அதாவது தோலில் ஏறிக்கொள்ளும் நுண்ணிய முள்ளுக்கு, 'சுணைமுள்'.

ஆரணியிலிருந்து:

சுணைமுள் அருமை, அதைத் தொடாதீர்கள். முள்மெத்தை கூடாது. வேற்றுமைப் புணர்ச்சியில் ளகரத்தின் முன் மெல்லினம் வந்தால் 'முண்மெத்தை' ஆகும். அப்படி எழுதினால் பையன்களுக்குப் புரியாது, எழுதாவிட்டால் பிழை. 'முட்கண்' என்று வையுங்கள். குறுந்தொகை 174இல் 'கவைமுட் கள்ளிக் காய்விடு கடுநொடி' என்று வருகிறது, புணர்ச்சிக்கு அதுவே சான்று.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா காட்டிய அடியைக் கையேட்டிலேயே சேர்க்கலாம். புணர்ச்சிக்காக அல்ல, இனங்காண. 'கவைமுள்' என்றால் இரண்டிரண்டாகப் பிரிந்த முள். 'காய்விடு கடுநொடி' என்றால் காய் வெடிக்கும் ஓசை. இரண்டுமே நம்மூர்க் கள்ளிகளின் பேரினமான யூஃபோர்பியாவின் அடையாளம். கேக்டஸின் பழம் பெரும்பாலும் சதைப்பற்றானது, நொடித்து வெடிக்காது. ஒரே ஓர் இனத்தைத் தவிர்த்தால் கேக்டஸ் முழுக்க அமெரிக்கக் கண்டத்துச் செடி. சங்கப் புலவர் கண்டிருக்கவே முடியாது.

நம் வேலூர்ப் பக்கத்துப் பாறைக்குன்றுகளில் நிற்கும் சதுரக்கள்ளியை மாணவர்கள் அறிவார்கள். மூன்று முதல் ஐந்து பட்டை, நெளிந்த விளிம்பு, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சோடி முள், ஒடித்தால் பால். ஏரியோல் கிடையாது. வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. 'பால் வந்தால் யூஃபோர்பியா' என்று யாரோ எப்போதோ எழுதியதை எல்லாரும் படியெடுக்கிறார்கள். மாமிலேரியாவில் பல இனங்களுக்குப் பால் உண்டு, அவை அசல் கேக்டஸ். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சகுவாரோ என்னும் தூண் கேக்டஸுக்கான தேசியப் பூங்கா போன்ற இடத்தில் ஒடிக்கவும் விடமாட்டார்கள். ஆகவே ஒடிக்காமல் பார்க்கக்கூடிய உறுப்புக்குத்தான் நல்ல பெயர் தேவை.

வாணியம்பாடியிலிருந்து:

'ஏரியோல்' என்றே விட்டுவிட்டால் என்ன? மேற்படிப்பில் அந்தச் சொல்தான் வரப்போகிறது. கண், கணு இரண்டுக்கும் உகரம் ஒன்றுதான் வேறுபாடு. கணு ஏற்கெனவே வேறு உறுப்பின் பெயர். அச்சில் ஓர் எழுத்து தவறினால் விடைத்தாள் முழுக்கத் தவறும்.

ஆரணியிலிருந்து:

ஏரியோலா லத்தீனில் 'சிறிய இடம்'. நமக்கும் கண் என்றால் இடம். ஏழாம் வேற்றுமை உருபே 'கண்' அல்லவா? உருளைக்கிழங்கைக் கண் பார்த்து நறுக்கி நடுகிறோம், அந்தக் கண் கோணமொட்டு, அதாவது இலைக்கோணத்து மொட்டு. ஏரியோலும் குறுகிப்போன கோணமொட்டுக் கிளையே. அதனால்தான் அதிலிருந்து முள், பூ, கிளை மூன்றும் வருகின்றன. முள்ளே உருமாறிய இலை. இனி கண்ணிலிருந்து கணு, கணுவிலிருந்து கணுக்கால், கணவாய் என்று போனால்...

வாணியம்பாடியிலிருந்து:

கணவாய் வேண்டாம் ஐயா. வியாழக்கிழமை அச்சு.

திருவண்ணாமலையிலிருந்து:

'கள்ளிக்கண்' எப்படி?

குடியாத்தத்திலிருந்து:

வகுப்பு சிரித்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். எந்தக் கள்ளியின் கண் என்று கேட்பான். தவிர, தமிழில் கள்ளி என்றால் முதலில் யூஃபோர்பியா. ஏரியோல் இல்லாத செடியின் பெயரை அந்த உறுப்புக்கு எப்படி வைப்பது?

சொற்களைக் கையேட்டு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'பக்கக்கிளை விடாத இளஞ்சகுவாரோவைப் பீப்பாய்க் கள்ளியோடு குழப்பாதே. இரண்டுக்கும் தண்டின் நீளவாக்கில் முகடு உண்டு. முகட்டின்மேல் உள்ள முட்கண்ணைப் பார். நடுமுள் பருத்து, நுனி தூண்டில்போல் வளைந்திருந்தால் பீப்பாய்க் கள்ளி, அதாவது ஃபெரோகேக்டஸ் விஸ்லிசெனி. முள்ளெல்லாம் நேராக இருந்தால் சகுவாரோ.' சரளமாக ஓடுகிறது. (பீப்பாய் தென்மேற்கே சாயும் என்ற குறிப்பை எடுத்துவிடுங்கள். சாய்வது உண்மைதான், ஆனால் சரிவில் எல்லாச் செடியும் சாயும்.) 'அடியிலிருந்தே கிளைத்த தூணா? முகட்டை எண்ணு. பன்னிரண்டோ அதற்கு மேலோ என்றால் ஆர்கன் பைப். ஐந்து முதல் பத்துக்குள் இருந்து, உச்சி முட்கண்களில் சாம்பல்நிறத் தாடி தொங்கினால் செனிட்டா.' இதுவும் சரி. சோயா (cholla) என்னும் கேக்டஸில் முள்ளின்மேல் காகித உறை இருக்கும், சுணைமுள்ளும் இருக்கும். துண்டு ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காமல் சீப்பை நுழைத்து நெம்பச் சொல்லுங்கள்.

உதைப்பது மாமிலேரியாதான். அதில் முகடு கிடையாது, குமிழ்கள். ஏரியோலே இரண்டாகப் பிரிந்துவிட்டது. முள் குமிழ் நுனியில், பூ இரண்டு குமிழுக்கு இடையிலுள்ள இடுக்கில். குமிழுள்ள இன்னொரு கேக்டஸான கோரிஃபாந்தாவில் குமிழின் மேற்பக்கம் ஒரு பள்ளக்கோடு ஓடும். 'நுனிக்கண்', 'இடுக்குக்கண்' என்று பிரித்துக்கொள்ளலாம். 'இடுக்குமெத்தை' என்று எழுத எனக்குக் கை வராது.

ஆம்பூரிலிருந்து:

அந்த இடுக்குக்கண்ணில் முள் ஏது? லோஃபோஃபோரா என்ற கேக்டஸில் வளர்ந்த செடிக்கு முள்ளே கிடையாது, ஏரியோலில் வெறும் மயிர்க்கற்றைதான். அப்புறம் எப்படி 'முட்கண்' பொதுப்பெயர்? முள், பூ, கிளை எது வந்தாலும் அது அரும்புகிற இடம். 'அரும்புக்கண்' என்பதே சரி.

ஆரணியிலிருந்து:

அரும்பு என்றால் பூவின் பருவம். அரும்பு, மொட்டு, முகை என்று வரிசை சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே முள்ளுக்கு அரும்பு என்றால் குழப்பம்தான்.

காட்பாடியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. முட்கண்ணுக்கு மூவர், அரும்புக்கண்ணுக்கு ஒருவர், ஏரியோலுக்கு ஒருவர். முதல் பக்கத்தில் 'முட்கண் எனப்படும் ஏரியோல்' என்று ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு முட்கண் என்றே எழுதுகிறேன். நுனிக்கண்ணும் இடுக்குக்கண்ணும் மாமிலேரியா பக்கத்தில் மட்டும். கவைமுட் கள்ளி அடி சதுரக்கள்ளிப் படத்தின் கீழ் போகும்.

ஆம்பூரிலிருந்து:

அப்படியானால் லோஃபோஃபோரா படத்தின் கீழ் 'முள்ளில்லாத முட்கண்' என்று அச்சாகும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்பாடியிலிருந்து:

குறித்துக்கொண்டேன். அந்தப் படத்துக்கு வெறும் 'கண்' போடுகிறேன். தண்டின் மேட்டுக்கு முகடா வரப்பா என்று இனி யாரும் கிளப்ப வேண்டாம், பக்கம் கட்டியாகிவிட்டது.