புஷ்பக் பயிற்சி விமானம் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, நான் எழுதிவரும் நாவலுக்கு ஓர் உதவி வேண்டும். கதை 1964இல் மீனம்பாக்கத்தில் நடக்கிறது. நாயகி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்கிறாள்.

புத்தகங்களைப் படித்து எழுதிய முதல் அத்தியாயம் எனக்கே பொய்யாகப் பட்டது. அதனால் போன வாரம் செஸ்னா 152 என்ற சிறு விமானத்தில் ஒரு மணி நேரப் பாடம் எடுத்துக்கொண்டேன். கிளம்புமுன் இறக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோலைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார் பயிற்சியாளர். வெளிர்நீலம்! எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. தரையில் ஓடும்போது கார் ஓட்டுகிற நினைப்பில் கைப்பிடியைத் திருப்பினேன். விமானம் கண்டுகொள்ளவே இல்லை. "கால், அம்மா, கால்!" என்று சிரித்தார். தரையில் திருப்புவது கால் மிதிகள்தான்.

சிக்கல் இதுதான்: என் நாயகி ஓட்டுவது புஷ்பக். அதற்கு மூன்றாவது சக்கரம் வாலில். மூக்கு உயர்ந்து நிற்பதால் முன்னால் எவ்வளவு மறையும்? நெளிந்து நெளிந்துதான் ஓட்டிப் போவீர்களா? இன்ஜினைக் கிளப்ப விசிறியைக் கையால் சுற்றியது யார்? விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச ரேடியோ இருந்ததா, விளக்குச் சைகை மட்டும்தானா? ஆசிரியரை 'சார்' என்பீர்களா, 'கேப்டன்' என்பீர்களா? (இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் என் உரையாடல்கள் எல்லாம் காத்திருக்கின்றன.)

அக்காலத்தில் ஓட்டியவர்களோ, அவர்கள் பிள்ளைகளோ எழுதினால் போதும். பிழை பார்க்க அத்தியாயத்தையே அனுப்பிவைக்கிறேன்.