ஸ்வீடிஷ் காப்பீட்டுக் கடிதம்: 'யெம்க்னிங்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடலாம்?

வணக்கம். ஸ்வீடனில் நடந்த சாலை விபத்தொன்றின் காப்பீட்டு முடிவுக் கடிதத்தை லண்டன் வழக்கறிஞருக்காக ஆங்கிலமாக்க வேண்டும். ஸ்வீடிஷ் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பெரிய சிக்கல் 'யெம்க்னிங்', அதாவது இழப்பீட்டைக் குறைப்பது. 'அட்ஜஸ்ட்மென்ட்' என்றால் தொகை கூடவும் செய்யலாம் என்று படும். 'கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்' (காயமடைந்தவரின் சொந்தக் கவனக்குறைவும் காரணம் என்பது) இன்னும் ஆபத்து: இங்கிலாந்தில் சாதாரண கவனக்குறைவுக்கே தொகை குறையும். ஸ்வீடனின் 1975 போக்குவரத்துச் சேதச் சட்டப்படி, உடல் காயத்துக்கான தொகையைக் குறைக்க, காயமடைந்தவர் வேண்டுமென்றோ கடும் கவனக்குறைவாலோ காரணமாகியிருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவருக்கு மட்டும் விதி கடுமை. 'ரிடக்ஷன் ஆஃப் காம்பன்சேஷன்' என்று போட்டுவிட்டு, சட்டப்பிரிவைக் குறிப்பாகச் சேர்ப்பதே சரி என்று நினைக்கிறேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இதை ஏற்பார்களா?

அடுத்து 'ஸ்வேதா ஓ வெர்க்', அதாவது வலி, வேதனைக்கான இழப்பீடு. வெறும் 'பெயின் அண்ட் சஃபரிங்' போதாது. இது குணமாகும் காலத்துத் தற்காலிக வேதனைக்கு மட்டும். நிரந்தரப் பாதிப்புக்குத் தனித் தலைப்பு உண்டு. 'டெம்பரரி' சேர்க்காவிட்டால் ஒரே இழப்பை இருமுறை கேட்டதுபோல் தெரியும். இதைவிடச் சுருக்கமான வடிவம் உண்டா?

'ஷெல்வ்ரிஸ்க்' (காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கு) பிரச்சினையில்லை: பிரிட்டிஷ் வாசகருக்கு 'எக்ஸஸ்', அமெரிக்கருக்கு 'டிடக்டிபிள்'.

அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இருந்தால், சொல் முதலில் வரும் இடத்தில் ஸ்வீடிஷ் மூலச்சொல்லை அடைப்புக்குறிக்குள் வைப்பீர்களா, அடிக்குறிப்பாகவா என்றும் சொல்லுங்கள்.