தேக்கு அலமாரியில் பால் பெயின்ட் நிற்குமா?

வணக்கம் நண்பர்களே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய தேக்கு அலமாரி வாங்கினேன். மரம் இன்னும் நல்ல உறுதி. வெளியே பிரெஞ்ச் பாலிஷ், உள்தட்டுகளில் பச்சை எனாமல். வீட்டிலேயே பால் பெயின்ட் செய்து, காவி நிறம் கொடுக்க ரொம்ப ஆசை.

ஆடை நீக்கிய பாலில் வினிகர் விட்டுத் திரித்து, வடிகட்டிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்தேன். பாலிலுள்ள கேசீன் புரதமும் சுண்ணாம்பும் சேர்வதால்தான் அந்தப் பிடிப்பு வருகிறது. அப்புறம் காவிப்பொடி. பாலிஷ் படாத மரத்துண்டில் அருமையாக ஒட்டியது, அந்த மங்கலான செம்மை அவ்வளவு அழகு! ஆனால் அலமாரியின் பின்பக்கம் பாலிஷ் மேல் பூசிய இடத்தில், காய்ந்ததும் செதில் செதிலாக உரிகிறது.

பிரெஞ்ச் பாலிஷ் அரக்குதானே, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கரையும். முழுவதும் எடுத்தே ஆகவேண்டுமா, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் போதுமா? தேக்கின் எண்ணெய்ப்பசை பிறகு தொந்தரவு தருமா?

எனக்குப் பெரிய கவலை அந்த எனாமல்தான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இது அதைவிட ரொம்பப் பழசு. வீட்டில் குழந்தை இருப்பதால் தூசி பறக்கத் தேய்க்க மாட்டேன். நனைத்துத் தேய்ப்பதா, ரிமூவர் போடுவதா, தொடாமல் விட்டுவிடுவதா?

கடைசிப் பூச்சுக்குத் தேன்மெழுகா, ஆளிவிதை எண்ணெயா? தேக்கில் செய்து பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.