காய்ச்சலில் பிள்ளை பிதற்றியது, காரணம் சிறுநீரகம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஜெலுத்தோங், பினாங்கு:
மகளுக்கு ஐந்து வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் 39.5-க்குக் கீழே இறங்கவில்லை. கிளினிக்கில் டிங்கி பார்த்தார்கள், இல்லை. தொண்டை சிவந்திருக்கிறது, பனடோல் கொடுங்கள் என்றார்கள். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் இரவு மின்விசிறியைக் காட்டி, "பூனை சுத்துது" என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாட்டியை யார் என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவர் மடியில் தூங்குகிற பிள்ளை! எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று பாட்டி திருநீறு பூசினார். பூசிய கையோடு காரில் ஏற்றினோம்.

மருத்துவமனையில் பார்த்தால் இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு 128. 135-க்குக் குறையக் கூடாதாம். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள், அதில் கிருமி இல்லை. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தின் பின்முனையில், ஸ்ப்ளீனியம் என்ற இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. காரணம் வயிற்று ஸ்கேனில்தான் கிடைத்தது: இடது சிறுநீரகத்தின் ஒரு பகுதி பாக்டீரியா தொற்றால் வீங்கியிருந்தது. கிருமி மூளைக்குப் போகவில்லை, தொற்றை எதிர்த்து உடம்பில் கிளம்பும் அழற்சியும் சோடியம் குறைவதும் சேர்ந்து அங்கே வீக்கத்தைக் கொண்டுவரலாம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஜப்பானிய மருத்துவர்கள் 2004-இல் இதற்கு வைத்த பெயரின் சுருக்கம் மெர்ஸ். என் கணவர் போனில் தேடிவிட்டு, ஒட்டகத்திலிருந்து பரவும் அந்தக் கொரோனா நோய் என்று நினைத்து அழுதுவிட்டார். அது வேறு, இது வேறு.

ஆன்டிபயாடிக் ஏற்றிய மூன்றாம் நாள் காலை, "மைலோ வேணும்" என்றாள். மொத்தம் மூன்று வாரம் மருந்து. பத்தாம் நாள் எம்.ஆர்.ஐ.யில் புள்ளி இல்லை.

செந்தூல், கோலாலம்பூர்:
அக்கா, எங்கள் மகனுக்கு வலிப்பில் ஆரம்பித்தது. காய்ச்சல் வலிப்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் விழித்து அரை நாளாகியும் தெளிவில்லை. முதல் சிறுநீர்ச் சோதனை சுத்தமாகவே வந்தது, இந்தத் தொற்றில் அப்படியும் வருமாம். சாயம் ஏற்றி சி.டி. எடுத்த பிறகே அவனுக்கும் சிறுநீரகத்தில் தொற்று என்று தெரிந்தது. சிறுநீர் மேலே திரும்பிப் போகும் கோளாறும் அவனுக்கு இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:
குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தேன். இதே புள்ளி இன்புளுவென்சாவிலும் ரோட்டா வைரஸிலும் வரும். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு மட்டும் வராதீர்கள். சிறுநீரில் கிருமி வளராமல் போய்விடும், அப்புறம் எந்தக் கிருமி என்றே தெரியாது. பிதற்றல், வலிப்பு என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

செந்தூல்:
நன்றி அம்மா. ஜெலுத்தோங் அக்கா, மகள் இப்போது எப்படி?

ஜெலுத்தோங்:
நன்றாக இருக்கிறாள் தம்பி, பாலர் பள்ளிக்குப் போகிறாள். உடம்பு லேசாகச் சுட்டால் போதும், பாட்டி ஓடிவந்து, "நான் யாரு, சொல்லு" என்று கேட்கிறார்.