டெம்போவுக்கு ‘நடை’ பொருந்தாது: மாற்றுச் சொல் ‘தாள வேகம்’

அனைவருக்கும் வணக்கம்.

ஒலி மென்பொருளைத் தமிழாக்கும் நம் குழுவில், டெம்போவுக்கு (tempo, பாட்டு செல்லும் வேகம்) ‘நடை’ என்ற சொல் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஒரு சொல் பிசகினால், பக்கத்தில் நிற்கும் ஸ்பீடு, பிட்ச் (pitch, ஒலியின் உயரம்) என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து பிசகும்.

ஒலிப்பதிவுகளைத் திருத்தும் ஆடாசிட்டி (Audacity) மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஸ்பீடு, டெம்போ, பிட்ச் மூன்றையும் மாற்ற அதில் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. ஸ்பீடைக் குறைத்தால் டேப்பை மெதுவாக ஓட்டியபோது நடந்ததே நடக்கும்: பாட்டும் மெதுவாகும், சுருதியும் இறங்கும். 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியவரின் பதிவை முக்கால் வேகத்தில் ஓட்டினால் சுருதி 2 கட்டைக்கு வந்துவிடும். பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயியே (octave) இறங்கிவிடும். டெம்போவை அதே முக்கால் அளவுக்குக் குறைத்தாலோ பாட்டு நிதானமாகும், சுருதி 5 கட்டையிலேயே நிற்கும். பிட்ச் இதற்கு மறுதலை. பாட்டின் நீளம் மாறாமல் 5 கட்டையை 5½ ஆக்கலாம். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) பிடிக்க வேண்டும் என்று பாட்டை மெதுவாக்க வரும் மாணவிக்கு வேண்டியது இரண்டாவது கட்டளை மட்டுமே. மூன்றின் பெயர்களும் ஒன்றோடொன்று மயங்கினால் அவர் எதை அழுத்துவார்?

சுருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும் வழிகளில் ஒன்று எளிதில் விளங்கக்கூடியது. ஒலியைச் சில பத்து மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மீண்டும் அடுக்குகிறார்கள். மெதுவாக்கும்போது சில பகுதிகள் இரண்டு முறை வரும். விரைவாக்கும்போது சில விடுபடும். துண்டுக்குள் இருக்கும் அதிர்வெண் அப்படியே இருக்கும். நீண்ட கார்வையில், அதாவது நீட்டி ஒலிக்கும் சுரத்தில், ஒட்டுப்போட்டது தெரியாது. மிருதங்கத்தில் ‘தி’ விழும் இடத்தில்தான் சிக்கல்: மிகவும் மெதுவாக்கினால் ஒரே அடி இரட்டித்து விழுந்ததுபோல் கேட்கும்.

இனி ‘நடை’. கர்நாடக இசையில் அது ஓர் அட்சரத்தின் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) உட்பிரிவைக் குறிக்கிறது: சதுஸ்ர நடையில் 4, திஸ்ர நடையில் 3, கண்ட நடையில் 5. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வித்துவான் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது கையில் போடும் தாளம் அதே வேகத்தில்தான் தொடர்கிறது. நடை மாறுகிறது, டெம்போ மாறவில்லை. இசைக்காரர்கள் தினமும் புழங்கும் ஒரு சொல்லுக்கு நாம் வேறு பொருளைச் சுமத்துவது சரியல்ல.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முதனடை, வாரம், கூடை, திரள் என்று இயக்கம், அதாவது பாட்டின் செலவு, நான்கு சொல்கிறார். தாழ்ந்த, அதாவது மெதுவான, செலவு முதனடை. முடுகிச் செல்வது திரள். ‘நடை’ கேட்பவர்கள் முதனடையைச் சான்று காட்டலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இன்றைய வழக்கு வேறு திசையில் போய்விட்டது. ‘இயக்கம்’ என்ற சொல்லின் மேல் எனக்குப் பெரிய ஆசை. இயக்கு, இயக்குதளம் என்று கணினியில் அது வேறு வேலைக்குப் போய்விட்டதால் விட்டுக்கொடுக்கிறேன். கர்நாடக இசையில் தாளத்தின் வேகத்தைச் சொல்லும் ‘காலப்பிரமாணம்’ மிகச் சரியான சொல். பொத்தானில் அடங்காது என்பதால் கலைச்சொல் பட்டியலில் இணைச்சொல்லாக வைக்கலாம்.

என் முன்மொழிவு: ஸ்பீடு ‘ஓட்ட வேகம்’, டெம்போ ‘தாள வேகம்’, பிட்ச் ‘சுருதி’. சுருதி என்பது ஆதார ஒலி ஆயிற்றே, தனிச் சுரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். இந்தக் கட்டளை பாட்டு முழுவதையும் ஆதாரத்தோடு சேர்த்தே நகர்த்துகிறது; ஆகவே இங்கே பொருந்தும்.

மிச்சமிருப்பது பிபிஎம் (BPM), அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற டெம்போவின் அளவு. பாட்டைக் கேட்டபடி 15 வினாடிக்குத் தட்டி, எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் தாள வேகம் கிடைத்துவிடும். 20 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 80. ‘நிமிடத் தட்டு’ என்று சொல்லிவிடலாம்போல் தோன்றுகிறது. ஆனால் தானாகக் கண்டறியும் மென்பொருள் அதே பாட்டுக்கு 160 என்றும் காட்டக்கூடும். இரண்டு தட்டுக்கு நடுவே விழும் அடியையும் அது எண்ணிவிடுகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பில் இன்னும் சிரமம், தட்டுகளே சம இடைவெளியில் விழுவதில்லை. அங்கே தட்டை எண்ணுவதா, அட்சரத்தை எண்ணுவதா? குழுவில் மிருதங்கம் பயின்றவர்கள் இருந்தால் எழுதுங்கள். அதைப் பார்த்து இந்தச் சொல்லை முடிவு செய்யலாம்.