வேலைக்காக மெல்பர்ன் செல்கிறேன்: 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டை என்ன செய்வது?

கேள்வி: உறையூரான்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை மாதம் பணி நிமித்தமாகக் குடும்பத்துடன் மெல்பர்ன் செல்கிறேன். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு. அதன் பிறகு நீட்டிப்பும் கிடைக்கக்கூடும். அம்மா தஞ்சாவூரில் உள்ள என் தங்கை வீட்டுக்குச் சென்றுவிடுவார் என்பதால் உறையூர் வீடு பூட்டித்தான் கிடக்கும். அங்கே நிற்கும் 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 காரை என்ன செய்வது என்பதில் தெளிவான முடிவுக்கு வர முடியாமல் இதை எழுதுகிறேன்.

கார் என் அப்பா வாங்கியது. நான்கு கதவுகள் கொண்ட வண்டி. 948 சிசி எஞ்சினும் கியர் பாக்ஸும் வண்டியோடு வந்தவையே. அடிப்பாகத்தில் இரண்டொரு இடங்களில் துரு பிடித்திருப்பதைத் தவிரப் பெரிய குறை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கொம்பு வரை சென்று வருகிறோம். ஆர்சி புத்தகம் இன்னும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. ஐந்தாண்டுப் புதுப்பித்தல் அடுத்த ஆண்டு இறுதியில் முடிவடைகிறது.

என் முன்னே நான்கு வழிகள் உள்ளன. பெங்களூரைச் சேர்ந்த ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். பெரியப்பா மகனின் அரிசி ஆலைக் கிடங்கில் மூடி நிறுத்திவைக்கலாம். தங்கையின் கணவர் தன் வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவருக்குப் பழைய வண்டிகளில் உண்மையான ஆர்வம் உண்டு, ஆனால் அந்தப் போர்ட்டிகோ மூன்று பக்கமும் திறந்தது. கடைசி வழி, கப்பலில் ஏற்றி உடன் கொண்டுசெல்வது. பணம் எனக்கு முதல் கவலை இல்லை. வண்டி கெட்டுப்போகக் கூடாது, திரும்பி வந்தால் ஓட்டும் நிலையில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சைதாப்பேட்டை சர்வேயர்

வணக்கம் நண்பரே. மோட்டார் காப்பீட்டுத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஆவணங்களைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அப்பாவின் பெயரில் இருக்கும் ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றாமல் விமானம் ஏறாதீர்கள். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை முறைப்படி விற்க முடியாது. காப்பீட்டில் இழப்பீடு கேட்கும் நிலை வந்தாலும் அங்கேதான் முதல் சிக்கல் எழும். படிவம் 31இல் விண்ணப்பித்து, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவிடமும் தங்கையிடமும் பெறும் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றை இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாரும் ஒரே ஊர்ப்பக்கம் இருக்கும்போது எளிதாக முடிகிற வேலை இது. நீங்கள் மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு செய்ய முனைந்தால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைய நேரும்.

அடுத்தது புதுப்பித்தல். பதிவுச் சான்றிதழ் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள்தான் படிவம் 25இல் விண்ணப்பிக்க முடியும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆகவே, புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று நினைத்தாலும் அது நடக்காது. ஆனால் உரிமையாளரின் சார்பில் வேறொருவர் விண்ணப்பிக்க அதே விதி இடம் தருகிறது. வண்டியை ஓட்டும் நிலையில் வைத்து ஆய்வுக்குக் கொண்டுசென்று காட்ட அடுத்த ஆண்டு இறுதியில் ஓர் ஆள் இங்கே இருந்தாக வேண்டும் என்பதையும், அவருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் கிளம்ப வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் புதுப்பித்தல் கட்டணம் ரூ. 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

இதற்கு மாற்றாக இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல அமைப்பு பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. கட்டணம் ரூ. 20,000, பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களைப் போன்றவர்களுக்கு மனநிறைவு தரும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். முக்கொம்புக்குக் குடும்பத்தோடு போய் வருவது அதில் அடங்காது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அலைய வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காப்பீட்டை ஒருநாளும் இடையில் அறுபட விடாதீர்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டியின் மதிப்பை நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்; வண்டியின் இன்றைய நிலையைக் காட்டும் புகைப்படங்களோடு சென்று நியாயமான மதிப்பை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தீயும் திருட்டும் கிடங்கிலும் நடக்கக்கூடியவை.

பதில் 2: யாரா நதி

மெல்பர்னில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூல வடிவம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு என்பதால், இங்குள்ள பழைய டிரையம்ஃப் கார் ஆர்வலர்களோடு எனக்குள்ள பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். ஹெரால்டை இங்கே கொண்டுவருவது சட்டப்படி சாத்தியம்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 25 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் தனி இறக்குமதி வழி இருக்கிறது. ஆனால் அரசின் அனுமதி கைக்கு வந்த பிறகே வண்டியைக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு விண்ணப்பிப்பவர்கள் துறைமுகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் அந்த வகையில் தொல்லை இல்லை.

பெருந்தொல்லை கல்நார். 2003ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் எந்த வடிவத்திலும் இந்நாட்டுக்குள் வரக் கூடாது என்ற முழுத் தடை இருக்கிறது. அக்காலத்து கார்களில் பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், சைலன்சரையும் எஞ்சினையும் இணைக்கும் கேஸ்கெட்டுகள், சில வண்டிகளில் அடிப்பூச்சு வரைக்கும் கல்நார் கலந்திருக்கும். இல்லை என்று ஆய்வகச் சான்றோடு நிரூபிக்க வேண்டியது இறக்குமதி செய்பவரின் பொறுப்பு. எல்லைப் படை சந்தேகப்பட்டால் உங்கள் செலவிலேயே வண்டியைப் பிரித்துச் சோதிப்பார்கள். கிடைத்தால் அபராதமும் உண்டு. ஆகவே திருச்சியிலேயே இவற்றையெல்லாம் கழற்றி, கல்நார் இல்லாதவற்றைப் பொருத்தி, அதற்கான ஆவணங்களைத் திரட்டியாக வேண்டும். இதற்கு மேல், சேற்றுத் துகளோ விதையோ பூச்சியோ அடிப்பாகத்தில் இருந்தால் உயிரிப் பாதுகாப்புத் துறையினர் கழுவச் சொல்வார்கள். அந்தச் செலவும் உங்களுடையதே. இவ்வளவையும் கடந்து வந்துவிட்டால் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கார் கிளப்பில் சேர்ந்து, ஆண்டுக்கு 45 அல்லது 90 நாட்கள் ஓட்டும் அனுமதியைப் பெறலாம். அந்த ஏற்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

ஆனாலும், மூன்றாண்டு ஒப்பந்தத்துக்காக இதைச் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. திரும்பும்போது இதே பாதையை எதிர்த்திசையில் கடக்க வேண்டும். பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு உள்ள கட்டுப்பாடுகள் சிறியவை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரையம்ஃப் ஹெரால்டு 1960களில் இதே மெல்பர்ன் துறைமுகப் பகுதியில் ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் பொருத்தப்பட்ட வண்டி. எனவே அதன் எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் இங்கே இன்றும் கிடைக்கின்றன. நான்கு கதவு ஹெரால்டு மட்டும் உலகில் வேறெங்கும் உருவாகவில்லை. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலையில்தான் உருவானது. பின்கதவு ஒன்று நசுங்கினால் அதற்கு மாற்று தேட வேண்டிய இடம் தமிழ்நாடுதான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஊருக்கு வரும்போதெல்லாம் இங்கிருந்து புதிய பாகங்களை எடுத்துச்செல்வதுதான் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில் 3: கோவை ஒர்க்‌ஷாப்

பழைய வண்டிகளைச் சீரமைக்கும் தொழிலில் இருக்கிறேன். நீண்ட நாள் நின்றுபோய் என்னிடம் வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டத்தால் வந்த தேய்மானம் சிறிது. நின்றதால் வந்த கேடுதான் பெரிது. ஆகவே, உங்கள் கேள்வியில் கிடங்கா போர்ட்டிகோவா என்பதைவிட, யார் ஓட்டுவார் என்பதையே முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வகையில் என் ஓட்டு தங்கையின் கணவருக்கே.

அரிசி ஆலைக் கிடங்கைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நெல்லும் தவிடும் உள்ள இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. பழைய வண்டியின் ஒயரிங்கையும் சீட் பஞ்சையும் அவை ஒரே பருவத்தில் முடித்துவிடும். புழுக்கலுக்காக நெல் அவிக்கும் ஆலையாக இருந்தால் ஈரப்பதம் வேறு. போர்ட்டிகோ திறந்ததாக இருந்தாலும் கூரை இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது; மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஒரு திரை போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறை மட்டும் போடாதீர்கள். அடியில் வியர்த்து, பெயின்ட் கொப்பளித்துவிடும். கனமான பருத்தித் துணி உறையே போதும்.

அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அது நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே திரளும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. நல்ல ஓட்டம் ஓட்டினால்தான் அது ஆவியாகி வெளியேறும். பிரேக் டிரம்களும் சக்கரங்களில் உள்ள பிரேக் சிலிண்டர்களும் இறுகாமல் இருக்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதோடு பழைய ரப்பர் குழாய்களையும் கரைக்கும். புறப்படும் முன் எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாத நிலை வந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலிசெய்துவிடுவது நல்லது.

ஹெரால்டுக்கே உரிய ஒன்றை அவரிடம் கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள். முன் சக்கரங்களைத் தாங்கும் டிரன்னியன் என்ற மரையுள்ள மூட்டுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 தர கியர் ஆயில்தான் விட வேண்டும். ஹெரால்டை அறியாத மெக்கானிக் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார். கிரீஸ் மரைகளுக்குள் சரியாகப் பரவாது, உள்ளே துரு ஏறும். கடைசியில் அந்த இடம் முறிந்து, ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடிப்பாகத் துருவையும் இப்போதே கவனியுங்கள். ஹெரால்டின் பாடியும் சேஸியும் தனித்தனி என்பதால், கதவுகளுக்குக் கீழே பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள் அரித்துப்போனால் கதவுகள் ஒழுங்காக மூடாது. மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைக்கும் வேலை வேண்டாம். வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டால் மூன்று ஆண்டுகள் கவலை இல்லை.

பதில் 4: தாம்பரம் வாசகர்

விற்பதை யாரும் பேசவில்லை என்பதால் ஒரு சொல். நீட்டிப்புக் கிடைத்து, பிள்ளைகளின் படிப்பும் அங்கேயே அமைந்துவிட்டால் மூன்று ஆண்டு பத்து ஆண்டாகும் என்பதை நாம் எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். அப்போது மைத்துனர் மீது நிரந்தரச் சுமையை ஏற்றியவர் ஆவீர்கள். விற்பதாக இருந்தால், வாங்குபவர் என்ன செய்யப் போகிறார் என்று நேராகக் கேளுங்கள். மூல எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சினைப் பொருத்தும் எண்ணம் உள்ளவருக்குக் கொடுக்க வேண்டாம். அப்படி மாற்றிவிட்டால் வின்டேஜ் பதிவுக்கான தகுதியும் போய்விடும். பெங்களூருக்கு விற்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்று அங்கே மறுபதிவு, வரி என்று வேலை நீளும். சென்னையிலேயே மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற வட்டங்களில் ஹெரால்டைப் போற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் பேசிப்பாருங்கள்.

உறையூரான்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கப்பலில் கொண்டுசெல்லும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அரிசி ஆலையும் வேண்டாம் என்று பெரியப்பா மகனிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரம் அம்மாவையும் தங்கையையும் அழைத்துச்சென்று படிவம் 31 கொடுக்கிறோம். துருவுக்கான வெல்டிங் வேலையை முடித்து, வண்டியை மைத்துனரிடம் ஒப்படைப்பதாக இருக்கிறேன். தாம்பரம் நண்பர் சொன்னது மனத்தில் தைத்தது. ஆகவே, மூன்றாம் ஆண்டு முடிவில் நான் திரும்பவில்லை என்றால் வண்டியைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ளவோ, தகுந்தவருக்கு விற்கவோ மைத்துனருக்கு முழு உரிமை தருவதாகப் பேசியிருக்கிறோம். அதையும் அதிகாரப் பத்திரத்திலேயே எழுதலாமா?

சைதாப்பேட்டை சர்வேயர்:

எழுதலாம், எழுதுவதே நல்லது. விற்கும் அதிகாரம், புதுப்பித்தல், காப்பீட்டு இழப்பீடு பெறுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். பொதுவாக ‘வாகனம் தொடர்பான அனைத்தும்’ என்று எழுதினால் அலுவலகத்தில் கேள்வி எழும். விற்பனையின்போது பெயர்மாற்றத்துக்குக் கொடுக்கும் படிவம் 29, 30 ஆகியவற்றில் தேதியிடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். பெயர்மாற்றம் முடிந்த கையோடு காப்பீட்டுப் பத்திரத்திலும் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.